எஃப் எழுத்து தாண்டிப் போன பிறகு

லியோன் நகரத்து மெர்சியேர் தெருவில், புத்தக வியாபாரி ஸகாரி கொனேயின் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், பெனுவாத் ஃபயோல் ஒருநாள் காலை உப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுப்பில் குடல் வெந்துகொண்டிருந்தது. உப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே உப்பு இல்லை. நூல் போட்டுக் கட்டிய காகிதத் துண்டுகள் இருந்தன.

"டேய் தம்பி, உப்பு எங்கடா?"

"அதுல பி எழுத்து இருக்கு அக்கா. உப்பை ஜன்னல்ல வெச்சேன்," என்றான் எனெமோன் அடுத்த அறையிலிருந்து. எழுதுகிற கை நிற்கவில்லை என்பது இறகுப் பேனாவின் கீறலிலேயே தெரிந்தது.

"ஜன்னல்லயா? ஆத்துப் பனி பட்டுக் கரைஞ்சு போயிருக்குமே."

"உப்பு கரைஞ்சா வேற வாங்கிக்கலாம். பாபிலோன் கரைஞ்சா எங்க போய் வாங்குறது?"

மாவுப் பானையில் சி இருந்தது. கஷ்கொட்டை வறுக்கிற ஓட்டைச் சட்டியில் ஏ. தம்பி குருவானவன், காலையில் பூசை வைத்துவிட்டு வந்தால் அதன் பிறகு அவனுக்கு வேறு உலகம் கிடையாது. அல்லது வேறு உலகம் எதுவும் மிச்சமில்லாதபடி எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்பதுதான் அவன் வேலை. செத்துப்போன அரசர்கள், போப்புகள், புனிதர்கள், திருச்சபையோடு சண்டை போட்டவர்கள், ஊர்கள், ஆறுகள், பழைய போர்கள் எல்லாவற்றையும் ஏ தொடங்கி எழுத்து வரிசையாக, ஒரே புத்தகத்தில், பிரெஞ்சு மொழியில் கொண்டுவருவது. படித்தவர்களுக்கென்று லத்தீனில் அந்த மாதிரி சில இருந்தன. ரொட்டிக்காரனும் கையைத் துடைத்துக்கொண்டு புரட்டிப் பார்க்கிற மாதிரி ஒன்று அதுவரை அந்தத் தெருவிலிருந்து போனதில்லை.

பெனுவாத் தொஃபினே மலைப்பக்கத்திலிருந்து வந்தவள். ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் தம்பிக்குச் சமைத்துப் போடலாம் என்றுதான் வந்தாள். ஊரில் அக்ரூட் எண்ணெய் ஆட்டுகிற ஒருவன் அவளுக்காகக் காத்திருந்தான். கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தச் செய்தி வந்தபோது வீட்டில் ஜி எழுத்து நடந்துகொண்டிருந்தது. தம்பிக்குக் கண் எரிச்சல். அவள்தான் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, அவனுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து அழ நேரமில்லை.

வாசிக்க வாசிக்கத்தான் அவளுக்கு அந்த மலைப்பு வந்தது. மாதா கோவிலில் யாருக்கு எந்த பெஞ்சு என்று கணக்கு உண்டு. சீமான்கள் முன்னால், பட்டு வியாபாரிகள் அடுத்து, அவளைப் போன்றவர்கள் தூண் மறைக்கிற இடத்தில். இந்தக் காகிதங்களில் அப்படி எதுவும் இல்லை. ஒரு பேரரசனுக்கு அடுத்து மீன் நாறுகிற துறைமுகம், அதற்கடுத்து ஒரு புனிதை, புனிதைக்குத் தோளோடு தோளாக ஒரு கொலைகாரன்.

"இவனை எப்படிடா அந்தம்மா பக்கத்துல உக்கார வெச்ச? பாவமா இல்ல?" என்று கேட்டாள்.

"நான் வெக்கல அக்கா. எழுத்து வெச்சிருக்கு."

"எழுத்துக்கு வெக்கம் கிடையாதா?"

"அதுக்கு யார் முகமும் தெரியாது."

அன்றைக்கு அவள் சூப்பைக் கிண்டிக்கொண்டே ரொம்ப நேரம் அதை நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசித் தீர்ப்பு நாளில்கூட நல்லவர்கள் வலப்பக்கம், கெட்டவர்கள் இடப்பக்கம் என்று பிரிக்கத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால், பிரிக்காமல் எல்லோரையும் ஒரே கூடத்தில் கூட்டி வைத்திருப்பவன் இருமிக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் காலுறையில் ஓட்டை. அதை அவள்தான் தைக்க வேண்டும்.

புத்தகம் வந்தது. ஒற்றைத் தொகுதி, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். கொனேயின் கடையில் கூட்டம் நின்றது. வாங்க வந்தவர்களைவிட, தங்கள் ஊர் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் அதிகம். வியென் நகரத்துப் பேராலயக் குரு ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"எங்க ஊர் ரோமாபுரிக்காரன் கட்டின ஊர். அதை விஷிக்குப் பின்னால போட்டிருக்கீங்க. விஷில என்ன இருக்கு? வெந்நி ஊத்து இருக்கு."

"எழுத்து வரிசை, சாமி," என்றான் எனெமோன்.

"வரிசையை யார் போட்டது?"

"ஃபீனிசியாக்காரங்கன்னு சொல்றாங்க. ஓ-வுக்கு அடுத்த பி வரிசைல பாருங்க, ஃபீனிசியா அங்கதான் இருக்கு."

குரு முறைத்துவிட்டுப் போனார். போகும்போது ஒரு பிரதி வாங்கிக்கொண்டுதான் போனார்.

பெனுவாத்தும் அன்று தேடிப் பார்த்தாள். எஃப் பகுதியைத் திறந்து விரலை ஓட்டினாள். "நம்ம பேரு எங்கடா?"

"நான் இன்னும் சாகலியே அக்கா." உயிரோடிருப்பவர் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். பிரபுக்கள் எத்தனையோ பேர் ஆள் அனுப்பிப் பார்த்தும் அவன் மசியவில்லை. "உயிரோட இருக்கிறவன் பாதி எழுதின வாக்கியம். முற்றுப்புள்ளி வெக்காம எப்படி அச்சுக்குக் குடுக்கிறது?"

"அப்ப செத்தா போடுவாங்களா?"

"போடுற அளவுக்கு ஏதாவது பண்ணியிருந்தா போடட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது வாக்கு மாதிரி விழுந்தது.

முதல் பதிப்பு தீர்ந்ததும் இரண்டாவதற்கு உட்கார்ந்தான். விட்டுப்போனவை, தப்பாய்ப் போனவை, பார்த்தவர்கள் எழுதி அனுப்பியவை என்று புத்தகம் இரண்டு தொகுதியாக ஊதியது. அவன் வற்றினான். இருமலில் கைக்குட்டை சிவந்தது. இசட் வரைக்கும் எழுதி முடித்துக் கட்டி வைத்துவிட்டு, ஏ-யிலிருந்து வருகிற புரூஃபைப் படுக்கையிலேயே திருத்திக்கொண்டிருந்தான். அச்சு எம் எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, மால்டா தீவின் புரூஃப் மடியில் கிடக்க, இறந்துபோனான். நாற்பது வயதைத் தொடவில்லை.

அடக்கம் முடிந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் ஒயின் குடித்துவிட்டுக் கலைந்த பிறகு, பெனுவாத் கறுப்புத் துணியோடு நேரே கீழே இறங்கிக் கொனேயின் கடைக்குப் போனாள்.

"முதலாளி, சாமியோட வாக்கியம் முடிஞ்சு போச்சு. இனிமே உள்ள போடலாம்."

கொனே நல்ல மனிதர்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். "எஃப் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சே அம்மா."

"நாலு வரி போதும்."

கொனே அவளைப் பின்கட்டுக்கு, அச்சுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அச்சு அழுத்துகிறவர்களுக்குக் கரடி என்று பெயர். முன்னும் பின்னும் ஆடி ஆடி அழுத்துவதால். எழுத்துக் கோக்கிறவர்களுக்குக் குரங்கு; பெட்டிக்குப் பெட்டி கை தாவுவதால். குரங்குகளில் மூத்தவன் அந்தெல்ம். ஏ-யிலிருந்து எனெமோனின் கையெழுத்தோடு மல்லுக்கட்டி வந்தவன்.

"அக்கா, இது ரொட்டி இல்ல, நடுவுல கீறி வெண்ணெய் தடவ," என்றான் அந்தெல்ம். "நாலு வரி உள்ள போனா நாலு வரி வெளிய விழும். அது அடுத்த பக்கத்துல போய் விழும். அங்கேர்ந்து நாலு வரி அதுக்கடுத்த பக்கம். எல்லாத்தையும் தள்ளிக்கிட்டே வரணும்."

"தள்ளுங்களேன். உங்க ஆளுங்களுக்குக் கரடின்னுதானே பேரு."

கரடிகளில் ஒருவன் சிரித்துவிட்டு, அவள் உடையின் கறுப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எழுத்தும் இல்ல அக்கா. எஃப்க்குக் கோத்த ஈயமெல்லாம் பிரிச்சுப் போட்டு, அதே எழுத்துதான் இப்ப மிலான் ஊர்ல நிக்குது. வாங்க, காட்டறேன்."

மேலே பரணில், அடித்து முடித்து உலர்ந்த அச்சுத் தாள்கள், ஃபாரங்கள், மச்சு உத்திரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. அந்தெல்ம் ஒன்றை உருவி எடுத்தான். அவள் விரல் வைத்துத் தேடினாள். ஃபவோரினுஸ் என்று ஒரு பழைய தத்துவக்காரன் முடிகிற இடத்துக்கு நேர் கீழே, ஃபெகாம் என்ற கடற்கரை ஊர் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில்தான் ஃபயோல் வர வேண்டும். ஒரு தலைமுடி நுழைகிற இடமில்லை. அந்த இடைவெளியை அவள் கட்டைவிரலால் தடவினாள். இத்தனையையும் இத்தனை நெருக்கமாக உட்கார வைத்தவன் தனக்கென்று ஒரு முடி அகலம்கூட விட்டு வைக்கவில்லையே என்று அவளுக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. எழுத்து வரிசை ஆற்றைப் போல. அவனே திறந்துவிட்டதுதான். ஆனாலும் அவனுக்காக மேலே ஏறி வராது.

கொனே சமாதானமாகச் சொன்னார். "முன்னுரையில சாமியைப் பத்தி ஒரு முழுப் பக்கம் போடுறேன். லத்தீன்ல கவிதை ஒண்ணும் எழுதி வாங்கலாம்."

"முன்னுரையை யாரு படிக்கிறா முதலாளி? உங்க கடைக்கு வர்றவங்க எல்லாம் நேரா அவங்க எழுத்தைத்தானே திறக்கிறாங்க. சாமியை வாசல்ல நிக்க வெச்சுப் பெருமை பேசுறேங்கிறீங்க. நான் உள்ள ஒரு பெஞ்சுல உக்கார வெயுங்கன்னு கேக்குறேன்."

"அடுத்த பதிப்புல கட்டாயம்."

"அது வர்றப்ப நீங்க இருப்பீங்களா, நான் இருப்பேனா? எஃப்னு ஒரு எழுத்துல ஒருத்தர் விட்டுப்போனார்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

சில நாளில் அச்சு, சத்தத்தோடு, எம் முடிந்து 'என்' எழுத்துக்குள் நுழைந்தது.

அதன் பிறகு அவள் தினமும் அச்சுக்கூடத்துக்குப் போனாள். காகிதம் மடிக்கிற வேலை கொடுத்தார்கள், மடித்தாள். எந்த எழுத்து ஓடுகிறது என்று மட்டும் கேட்பாள். ஓ என்பார்கள், பி என்பார்கள். ஒவ்வொரு எழுத்தும் தம்பியை விட்டு இன்னும் ஒரு மைல் தள்ளிப் போகிற வண்டி மாதிரி இருந்தது.

ஆர் ஓடிக்கொண்டிருந்த ஒரு சந்தை நாளில் அவள் சோன் ஆற்றங்கரைக்குக் காய் வாங்கப் போனாள். படகிலிருந்து எண்ணெய்ச் சாடி இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் அவளைப் பார்த்துக் கத்தினான்.

"ஏய், சாபோ வீட்டுப் பொண்ணு! என்ன, அடையாளம் தெரியலியா?"

ஊர்க்காரன். சாபோ என்றால் மரக்கட்டைச் செருப்பு. ஊரில் ஃபயோல் என்று பல குடும்பம் இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பெனுவாத்தின் தாத்தா பூசை நடுவில் கோவில் கல்தரையில் டக்கு டக்கென்று மரச்செருப்போடு நடந்து வருகிறவர். அதனால் இவர்கள் சாபோ வீடு. ஞானஸ்நானப் பதிவில்கூட 'ஃபயோல் என்கிற சாபோ' என்றுதான் எழுதுவார்கள்.

"சாமி செத்துட்டாராமே. நம்ம சாபோ பையன் பெரிய புத்தகம் போட்டான்னு ஊரே பேசிச்சு. பேரு இருக்கா அதுல?"

அவள் எழுத்துகளை எண்ணினாள். ஆர் முடியப் போகிறது. அடுத்தது எஸ். சாபோ எஸ்.

முட்டைக்கோஸை அங்கேயே வைத்துவிட்டு நாலு எட்டு நடந்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

தம்பிக்கு அந்தப் பெயர் ஆகாது. பள்ளிக்கூடத்தில் அவன் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் காலால் தரையைத் தட்டுவார்களாம். குருப்பட்டம் வாங்கிய அன்றே அதை வெட்டி எறிந்தான். ஒருதரம் விருந்தாளிகள் முன்னால் அவள் வாய்தவறிச் சொல்லிவிட, அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. செத்தவன் வாயில்லாமல் கிடக்கும்போது அந்தப் பெயரை எடுத்து ஈயத்தில் அடிக்கலாமா?

பாலத்தின் மேல் போய் நின்றுகொண்டு யோசித்தாள். தம்பி செய்த ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பிரபு வீட்டார், தங்கள் முன்னோர் ஒருவருக்கு இருந்த 'கோணவாய்' என்ற பட்டத்தை எடுத்துவிடச் சொல்லி ஆளனுப்பினார்கள். எனெமோன் மறுத்துவிட்டான். பேரு வெச்சுக்கிறவனுக்குச் சொந்தமில்ல, கூப்பிடுறவங்களுக்குத்தான் சொந்தம் என்று வந்தவனிடம் சொல்லி அனுப்பினான். மற்றவர் முன்னோருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று அவன் வைத்துக்கொள்ள மாட்டான். கோபப்படுவான். ஒரு வாரம் பேச மாட்டான். பேசாமல் இருப்பது இப்போது புதிதில்லை.

எஸ்ஸில் சாபோ என்று தம்பியைப் போடச் சொல்லி அவள் கேட்டதும் கொனே முகத்தைச் சுளித்தார். "மரச்செருப்பா? ஒரு குருவானவரை மரச்செருப்புன்னா போடுறது? அதுவும் அங்க போய் யாரு அவரைத் தேடுவா?"

"யாரும் தேட மாட்டாங்க முதலாளி. ஒருத்தரைத் தேடி வர்றவங்க பக்கத்துல இருக்கிறவரையும் படிச்சுட்டுத்தானே போறாங்க. உங்க கடையில நின்னு நான் பாக்கலியா? அந்தெல்ம், சாபோ பக்கத்துல யாரெல்லாம் வர்றாங்க?"

அந்தெல்ம் காகிதக் கட்டைப் புரட்டினான். "சாபா ராணி. சாலமோன் ராஜாவைப் பாக்க ஒட்டகத்தோட போனாளே, அவ. அப்புறம் ரோமாக்காரன் தூக்கிட்டுப் போன சபீன் பொண்ணுங்க." தலையைத் தூக்கினான். "முதலாளி, இந்தப் பக்கத்தைப் படிக்காதவன் பிரான்ஸ் தேசத்துல இருக்க மாட்டான்."

கொனேவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சாமியாரைக் கொண்டுபோய் நல்ல இடமாப் பாத்து உக்கார வெக்கிறீங்க."

"நான் வெக்கல," என்றாள் பெனுவாத். "எழுத்து வெச்சிருக்கு."

எழுதித் தருகிறேன் என்று கொனே உட்கார்ந்தார். 'நம் காலத்தின் மாபெரும் அறிஞர்' என்று தொடங்கினார். அவள் தலையை ஆட்டினாள். தம்பி யாரையும் மாபெரும் என்று எழுதி அவள் வாசித்ததில்லை. கடைசியில் அவள் நின்றபடியே சொல்ல, அந்தெல்ம் காகிதமில்லாமல் நேரே ஈயத்தில் கோத்தான்:

'சாபோ, எனெமோன் ஃபயோல் என்கிற. குரு. தொஃபினேயில் பிறந்து லியோனில் இறந்தார். இந்தப் புத்தகத்தைச் செய்தவர். இதில் இருக்கும் எல்லோரையும் அறிந்திருந்தார்.'

"கடைசி வரி அதிகமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல அக்கா," என்றான் அந்தெல்ம். "இடம் சரியா இருக்கு."

ஃபாரம் அச்சிலிருந்து வந்தது. மை காயவில்லை, தொடாமல் குனிந்து பார்த்தாள். மேலே அரசி, ஒட்டகங்கள், பொன், வாசனைத் திரவியங்கள். கீழே அவன். எந்தப் பிரபுவின் காலில் விழுந்தும் கிடைக்காத இடம். வால்நட்சத்திரம் வந்த வருஷம் மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்தபோதுகூட அவளுக்கு மூச்சு அப்படி நின்றதில்லை.

அதற்குப் பிறகு அவள் நெடுங்காலம் இருந்தாள். மூன்றாம் மாடியை விடவில்லை. காகிதம் மடிக்கிற வேலையையும் விடவில்லை. புத்தகம் அவளை விட்டுவிட்டு எங்கெங்கோ போனது. வேறு ஊர்களில், வேறு ஆட்கள், தம்பியின் இரண்டு தொகுதியை நான்காக்கி ஐந்தாக்கி அடித்தார்கள் என்று கேள்வி. சிலர் அவன் தப்புகளைத் திருத்தினார்களாம். சிலர் சொந்தத் தப்புகளைச் சேர்த்தார்களாம்.

ஒரு வருஷச் சந்தைக்கு யோரிஸ் என்ற டச்சுப் புத்தக வியாபாரி கொனேயின் கடைக்கு வந்தான். இந்தப் புத்தகத்தைத் தங்கள் மொழியிலும் போட்டுவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னான். அதைச் செய்தவரின் அக்கா இந்தம்மாதான் என்று கொனே காட்டிக்கொடுக்க, அவன் எழுந்து வணங்கினான்.

"அந்த ஃபாதரை எனக்குத் தெரியுமே. ஃபாதர் க்லோம்ப். கே எழுத்துல இருக்காரு."

கடையில் யாருக்கும் புரியவில்லை. கொனேதான் தட்டுத்தடுமாறி விசாரித்தார். மொழிபெயர்த்தவனுக்கு இந்தப் பக்கத்துப் பட்டப்பெயர் வழக்கம் தெரியவில்லை. மரச்செருப்பு என்று பார்த்தான், தன் மொழியில் மரச்செருப்புக்கு என்ன சொல்லோ அதைப் போட்டான், அந்தச் சொல்லின் எழுத்து எங்கே வருகிறதோ அங்கே தூக்கி வைத்துவிட்டான். ஃபயோல் என்பதை அடைமொழி என்று நினைத்து விட்டுவிட்டான். ஜெர்மன் மொழியில் ஒருத்தர் போடுகிறார் என்றும், அங்கே அவர் எச் எழுத்தில் இருக்கலாம் என்றும் யோரிஸ் சேர்த்துச் சொன்னான்.

கொனே தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவிகளா. நான் இன்னிக்கே திருத்தச் சொல்லி எழுதறேன் அம்மா. பேரே போச்சே."

பெனுவாத் மடித்துக்கொண்டிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். எஃப்பில் ஒரு முடி அகலம் கிடைக்காமல் நின்றவன், எஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இப்போது அவள் பார்த்தேயிராத தேசங்களில், அவளால் உச்சரிக்க முடியாத பெயர்களில், எழுத்து எழுத்தாக நடந்துகொண்டிருக்கிறான். கல்தரையில் அவன் நடை கேட்பது மாதிரி இருந்தது அவளுக்கு. அவன் இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு கோபப்பட்டிருப்பான் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது.

"எழுத வேணாம் முதலாளி," என்றாள். பிறகு டச்சுக்காரனிடம் திரும்பி, "அங்க பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

யோரிஸ் யோசித்தான். "அடுத்தது க்லுண்டெர்ட்னு நினைக்கிறேன்."

"ஆள் எப்படி?"

"ஆள் இல்லம்மா. ஊர். எங்க பக்கத்துல சின்ன ஊரு. சுத்தித் தண்ணி. கரை கட்டித்தான் நிக்குது."

"சனங்க?"

"நல்ல சனங்க. கொஞ்சம் பிடிவாதம்."

"சரியாப் போச்சு," என்றாள் பெனுவாத். விட்ட இடத்திலிருந்து காகிதத்தை மடிக்கத் தொடங்கினாள்.